டாங்காட்டில் நன்றாக ஓடிய ஏடிசி 200 லெனேசியாவில் திணறுகிறது: கார்புரேட்டரில் எதை முதலில் தொடுவது?

லெனேசியா_ஃபிட்டர்

வணக்கம். வண்டி 1983 ஹோண்டா ஏடிசி 200. மூன்று பலூன் டயர், 192 சிசி ஃபோர் ஸ்ட்ரோக், ஐந்து கியர், கிளட்ச் லீவர் கிடையாது, கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்கிற வண்டி. என் மாமாவுக்குத் தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே, டாங்காட் பக்கம் கரும்பு இருந்தது. வெட்டுக்கு முன்னால் கரும்புக்குத் தீ வைக்கிற காலத்தில், தீ தாண்டாமல் இருக்க வெறுமையாக விட்ட தீத்தடம் சுத்தமாக இருக்கிறதா என்று சுற்றிப் பார்க்க இதில்தான் போவார். நிலத்தை விற்ற பிறகு ஷெட்டில் கிடந்தது. அவரே ஓட்டிக் காட்டி, "உனக்குத்தான்டா இதெல்லாம் பிடிக்கும், எடுத்துக்கிட்டுப் போ" என்று கொடுத்துவிட்டார். பக்கியில் (பிக்கப் வண்டியில்) ஏற்றி, என்3 நெடுஞ்சாலை வழியாக மேலே, ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவுக்குக் கொண்டு வந்தேன்.

அங்கே இழுத்த இழுப்பில் பிடித்த வண்டி, இங்கே வந்ததும் குணம் மாறிவிட்டது. நடப்பது இதுதான்:

காலையில் சோக் (குளிர்ந்த என்ஜினுக்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுப்பது) போட்டால் ஸ்டார்ட் ஆகும். ஆனால் சோக்கை விட்டால் நின்றுவிடும். சூடான பிறகும் ஐடிலிங் (திராட்டிலைத் தொடாதபோது என்ஜின் ஓடுகிற ஓட்டம்) ஒரே சீராக இல்லை, தானாக ஏறுகிறது, தானாக இறங்குகிறது. சோக்கை லேசாகத் தொட்டால் சமாதானமாகிவிடுகிறது. ஓடும்போது திராட்டிலை விட்டால் சைலன்சரில் பட் பட் என்று வெடிக்கிறது.

அரைத் திராட்டிலுக்கு மேலே போனால் வேறு கதை. கனமான சத்தம், விட்டு விட்டு அடிக்கிறது, பின்னால் கறுப்புப் புகை. நாலாவது கியரே தாங்கவில்லை, ஐந்தாவதைப் பற்றிப் பேச்சே இல்லை. பிளக்கைக் கழற்றினால் காய்ந்த கரி.

பக்கத்தில் ஒரு கடையில் காட்டினேன். இருக்கிற ஸ்க்ரூவை எல்லாம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருகிப் பார்த்துவிட்டு, "கார்புரேட்டர் போச்சு, மாத்துங்க" என்றார்கள். எந்த ஸ்க்ரூ முன்னே எங்கே இருந்தது என்று கேட்டால் பதில் இல்லை. பாக்டரி வேலையில் நான் ஒரு வால்வைத் தொடுவதற்கு முன் குறி போடாவிட்டால் ஃபோர்மேன் கையை ஒடிப்பார்.

பிளக் கறுப்பு, அதனால் பெட்ரோல் அதிகம் என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. சோக் கேட்கிறது, அதனால் பெட்ரோல் போதவில்லை என்று இன்னொரு பக்கம். இரண்டில் எது சரி? எங்கே ஆரம்பிப்பது? கார்புரேட்டர் பழைய கெய்ஹின், வண்டியோடு வந்தது.

ஆக்டன்வில்_பாலா

நாற்பது வருஷத்துக் கார்புரேட்டரோடு ஏன் மல்லுக்கட்டுகிறீர்கள்? ஆன்லைனில் சைனா கார்புரேட்டர் சில நூறு ரேண்டுக்குக் கிடைக்கிறது. கேஸ்கெட்டோடு வரும். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு முன்னால் மாட்டி முடித்துவிடலாம்.

மோபெனி_மூன்றுசக்கரம்

பாலா, கொஞ்சம் பொறுங்கள். சைனா கார்புரேட்டர் எல்லாம் குப்பை என்று நான் சொல்ல மாட்டேன். என் ஏடிசி 110-இல் ஒன்று ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் உள்ளே என்ன நம்பர் ஜெட் (பெட்ரோலை அளந்து விடுகிற துளையுள்ள சின்னப் பித்தளைத் திருகு) போட்டு அனுப்புவான் என்பது பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். அது உங்கள் ஊர் உயரத்துக்குப் பொருந்தும் என்று யார் உத்தரவாதம்? இன்டேக்கில் ஏர் லீக் இருந்தால் புதுசும் அதே கூத்தைத்தான் ஆடும். அப்புறம் பழைய கெய்ஹினைத் தூக்கிப் போட்டவன் திரும்ப அப்படி ஒன்று தேடி அலைவான்.

தம்பி, உங்கள் கேள்வியிலேயே பதில் பாதி இருக்கிறது. எது சரி என்று கேட்டீர்கள். இரண்டும் சரி. கீழே, அதாவது ஐடிலிங்கில், வண்டி லீன், பெட்ரோல் போதவில்லை. மேலே ரிச்; பெட்ரோல் மிதமிஞ்சிப் போகிறது. இரண்டு தனித்தனிக் கோளாறு. ஒரு ஸ்க்ரூவைத் திருகி இரண்டையும் தீர்க்கப் பார்த்தால் இந்த ஜென்மத்தில் முடியாது. அந்தக் கடைக்காரர்களுக்கு நடந்ததும் அதுதான்.

கார்புரேட்டரில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு எல்லை உண்டு. திராட்டில் மூடியிருப்பதில் இருந்து எட்டில் ஒரு பங்கு திறப்பது வரை பைலட் ஜெட்டும் பைலட் ஸ்க்ரூவும். அதற்கு மேலே கால் பங்கு வரை ஸ்லைடின் (லீவரை அழுத்தினால் மேலே ஏறிக் காற்று வழியைத் திறக்கிற கட்டையின்) அடியில் வெட்டியிருக்கிற சரிவு; அதில் நாம் கை வைப்பதில்லை. காலில் இருந்து முக்கால் வரை நீடில், அதாவது ஸ்லைடில் தொங்குகிற ஊசி. முக்காலில் இருந்து முழுசு வரை மெயின் ஜெட். எல்லைகள் ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறித்தான் இருக்கும், ஆனாலும் எந்தத் திறப்பில் கோளாறு என்று தெரிந்தால் எதைத் தொட வேண்டும் என்று தெரிந்துவிடும். வண்டி எவ்வளவு வேகம் போகிறது, எந்த கியர் என்பதெல்லாம் இதற்குத் தேவையில்லை. கட்டைவிரல் லீவர் எவ்வளவு அமுங்கியிருக்கிறது, அது மட்டும்தான் கணக்கு.

மேலே ரிச் ஆனதற்குக் காரணம் உங்கள் ஊர். டாங்காட் கடலோரம். லெனேசியா 1,500 மீட்டருக்கு மேலே. அங்கே 101 கிலோபாஸ்கல் இருக்கிற காற்றழுத்தம் உங்கள் பக்கம் 83-84தான். காற்று மெலிந்துவிட்டது, ஜெட்டின் துளை மெலியவில்லை.

அப்படியானால் ஐடிலிங்கிலும் ரிச்தானே ஆகியிருக்க வேண்டும்? அங்கேதான் விஷயம். உயரத்துக்கு ஏறியும் கீழே லீன் என்றால், ஒன்று பைலட் ஜெட் அடைத்திருக்கிறது, இல்லாவிட்டால் எங்கேயோ வெளிக்காற்று புகுகிறது. ஷெட்டில் கிடந்த வண்டிக்கு இரண்டுமே இருக்கலாம். அதனால் வரிசை இப்படி:

முதலில் ஏர் லீக். என்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது கார்புரேட்டருக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கிற இணைப்பைச் சுற்றி கார்புரேட்டர் கிளீனரைக் கொஞ்சம் கொஞ்சமாக அடியுங்கள். சத்தம் மாறினால் அங்கே ஓட்டை. சூடான சைலன்சர் பக்கம் அடிக்காதீர்கள், அது பற்றிக்கொள்ளும். அந்த இடத்து ஓ-ரிங்குகள் (ரப்பர் வளையங்கள்) வருஷக்கணக்கில் அழுந்தி, தட்டையாகி, ரப்பர் என்ற பெயருக்கு மட்டும் இருக்கும். சந்தேகமே வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

அடுத்து பைலட் ஜெட். அந்தத் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. பெட்ரோல் உள்ளேயே காய்ந்து மஞ்சள் கோந்தாகப் படிந்துவிடும். கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். ஓரத்தில் ஒரு பிறை மறைத்தாலும் அடைப்புதான். கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்து, அதற்கும் போகாவிட்டால் மெல்லிய வயரில் ஒரே ஒரு செம்பு இழையை உருவி விட்டு எடுங்கள். குண்டூசி, டிரில் பிட் பக்கம் போகாதீர்கள். பித்தளை மென்மையானது. ஒரு சுரண்டலில் 38 நம்பர் ஜெட் 40 ஆகிவிடும்.

ஜெட் சுத்தமானால் மட்டும் போதாது, வழியும் சுத்தமாக வேண்டும். பைலட் ஸ்க்ரூவை வெளியே எடுத்தால் அதோடு ஸ்ப்ரிங், பொட்டு வாஷர், அதைவிடச் சின்ன ஓ-ரிங் வரும். பல சமயம் ஓ-ரிங் துளைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அது இருப்பது தெரியாமல் கிளீனர் அடித்துக் காணாமல் போக்கியவர்கள் உண்டு. அது இல்லாமல் மாட்டினால் அதுவே புது ஏர் லீக். கொக்கி போட்டு எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, அந்தத் துளைக்குள் கிளீனர் அடியுங்கள். கார்புரேட்டரின் தொண்டையில், ஸ்லைடுக்கு என்ஜின் பக்கமாக இருக்கிற பொடித்துளையில் பீச்சாங்குழல் மாதிரி வர வேண்டும். கண்ணைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏர் ஃபில்டர் இருக்கிற பெட்டியான ஏர்பாக்ஸையும் பாருங்கள். எலி கூடு கட்டியிருந்தாலும் மேலே ரிச் ஆகும். ஃபோம் ஃபில்டர் கையில் உதிர்ந்தால் புதிது போட்டு, ஃபில்டர் எண்ணெய் பூசி, மூடியை மாட்டிய பிறகுதான் ட்யூனிங். மூடி இல்லாமல் ட்யூன் செய்து பிறகு மூடினால் எல்லாம் மாறிவிடும்.

இவ்வளவையும் முடித்துவிட்டு வந்து எழுதுங்கள். மெயின் ஜெட்டை இப்போதைக்குத் தொடாதீர்கள். அதில் என்ன நம்பர் அடித்திருக்கிறது என்று மட்டும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

மாரிட்ஸ்பர்க்_தேவி

அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருப்பினால் என்ன ஆகும் என்பதில்தான் பாதிப் பேர் குழம்புவார்கள். ஸ்க்ரூ எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஸ்லைடுக்கும் என்ஜினுக்கும் நடுவில் இருந்தால் அது பெட்ரோல் கலவையை அளந்து விடுகிறது. வெளியே திருப்பினால் ரிச். ஏர் ஃபில்டர் பக்கமாக இருந்தால் அது காற்றை அளக்கிறது. வெளியே திருப்பினால் லீன். உங்கள் கெய்ஹினில் என்ஜின் பக்கம் இருக்கும். என்னிடம் இருப்பது யமஹா ட்ரை-மோட்டோ 125, டூ ஸ்ட்ரோக், மிகுனி கார்புரேட்டர். அதில் ஃபில்டர் பக்கம். ஹோண்டாக்காரர் ஒருவர் உதவி செய்கிறேன் என்று வந்து என் வண்டியை நேர்மாறாகத் திருகிவிட்டுப் போனார். டூ ஸ்ட்ரோக்கில் லீனாக ஓட்டினால் பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும், எனக்கு அது விளையாட்டு இல்லை.

இறுக்கும்போது விரல் நுனி பலம் போதும். முட்டியதும் நிறுத்துங்கள். ஸ்க்ரூவின் முனை ஊசி போல. பலமாக இறுக்கினால் முனையில் வளையம் விழும், அல்லது உடைந்து துளைக்குள்ளேயே நிற்கும். முட்டிய இடத்தில் இருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து ஆரம்பியுங்கள்.

அப்புறம் திராட்டில் லீவர் பக்கத்து மூடியில் வெள்ளை டேப் ஒட்டி, மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழுசு என்று பேனாவால் கோடு போடுங்கள். லீவரிலும் ஒரு கோடு. ஓடும்போது ஒரு பார்வையில் தெரிந்துவிடும். "பாதி திராட்டில்தான் கொடுத்தேன்" என்று சத்தியம் செய்கிற ஆட்கள் கால் பங்கைத் தாண்டியிருக்க மாட்டார்கள்.

லெனேசியா_ஃபிட்டர்

அண்ணா, அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. பாலா, கோவிக்காதீர்கள், பழைய கார்புரேட்டர் பிழைத்துக்கொண்டது.

இணைப்பில் கிளீனர் அடித்ததும் என்ஜின் சத்தம் மாறியது. கழற்றிப் பார்த்தால் ஓ-ரிங் பள்ளத்துக்குள் பள்ளத்தின் வடிவத்திலேயே கெட்டித்துப் போயிருந்தது, நகத்தால் கீறினால் தூளாக வந்தது. ஹைட்ராலிக் கடையில் அளவு கொடுத்து, பெட்ரோல் தாங்குகிற ரப்பரில் வாங்கிப் போட்டேன். கறுப்பாக இருக்கிற ஓ-ரிங் எல்லாம் ஒன்று இல்லை என்பது எங்கள் தொழிலில் தெரிந்த விஷயம்.

பைலட் ஜெட் முழு அடைப்பு இல்லை. அண்ணா சொன்ன அதே பிறை. ஸ்க்ரூ நாலு சுற்றுக்கு மேல் வெளியே நின்றது, இன்னும் கொஞ்சம் விட்டால் கீழே விழுந்திருக்கும். கடையில் அப்படித்தான் சமாளித்திருக்கிறார்கள். ஓ-ரிங்கையும் காணோம். ரிப்பேர் கிட்டில் ஒன்று இருந்தது.

ஃபோம் ஃபில்டரும் மாற்றினேன். இப்போது சோக் ஒரு நிமிஷம் போதும். ஐடிலிங் நிற்கிறது, வெடிச் சத்தமும் இல்லை.

முக்காலுக்கு மேலே மட்டும் அதே கறுப்புப் புகை. அரையிலும் லேசாகக் கனக்கிறது. மெயின் ஜெட்டில் 102 என்று இருக்கிறது. என்ன நம்பர் வாங்கட்டும்? ஒவ்வொன்றாக வாங்கிப் பார்க்காமல் கணக்குப் போட வழி உண்டா?

மோபெனி_மூன்றுசக்கரம்

கணக்கு உண்டு, சுருக்கமானதுதான். உங்கள் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு. அதற்காக ஜெட்டையும் 15 சதவீதம் குறைக்கக் கூடாது. பெட்ரோலை உறிஞ்சுகிற இழுவிசையும் மெல்லிய காற்றில் குறைந்துதான் போகிறது. அதனால் ரிச் ஆவது அடர்த்தியின் வர்க்கமூலத்தை ஒட்டித்தான். 0.85-இன் வர்க்கமூலம் ஏறக்குறைய 0.92. ஆக ஜெட் துளையின் பரப்பு 8 சதவீதம் சிறுத்தால் போதும். கெய்ஹின் மெயின் ஜெட்டில் இருக்கிற நம்பர் துளையின் விட்டத்தை ஒட்டியது, 100 என்றால் ஒரு மில்லிமீட்டர். பரப்பு 8 குறைய விட்டம் 4 குறைந்தால் சரி. 102-இல் 4 சதவீதம் போனால் 98.

98 ஒன்று வாங்குங்கள், கூடவே 95-உம் 100-உம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மிகுனி ஜெட்டை மாற்றி வாங்கிவிடாதீர்கள், அவர்கள் அறுகோண ஜெட்டில் நம்பர் போடும் முறையே வேறு.

98 போட்டு, சமதரையில், சூடான என்ஜினில், முழுத் திராட்டிலில் நல்ல தூரம் விடுங்கள். அப்படியே கில் சுவிட்சை அணைத்து, உருண்டு நின்றதும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஐடிலிங்கில் ஓட்டிக்கொண்டு வந்து வீட்டில் கழற்றினால் பிளக் ஐடிலிங்கைத்தான் சொல்லும். அன்லெடட் பெட்ரோலில் பழைய புத்தகத்தில் போட்டிருக்கிற பிஸ்கட் நிறம் சட்டென்று வராது. பீங்கானின் அடிப்பாகத்தில், உள்ளே ஆழத்தில், ஒரு மங்கிய வளையம் தெரிகிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். கரி படர்ந்திருந்தால் இன்னும் ரிச். வெள்ளை வெளேரென்று பளபளத்தால் ஓட்டாதீர்கள், உடனே 100 போடுங்கள்.

இன்னும் சந்தேகமானால் ஒரு குறுக்குவழி. ஏர்பாக்ஸ் மூடியைக் கழற்றிவிட்டு ஒரே ஓட்டம். மூடி இல்லாமல் நன்றாக இழுத்தால் இன்னும் ரிச், இன்னும் மோசமானால் லீன். பரிசோதனைக்கு மட்டும், தூசியில் அப்படி ஓட்டினால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிடும்.

அரையில் கனப்பது நீடில். நீடிலைத் தாங்குகிற கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றினால் நீடில் ஒரு படி கீழே இறங்கும், அது லீன். ஆனால் மெயின் ஜெட் முடிந்த பிறகுதான் அதைத் தொட வேண்டும். ஒரு தடவைக்கு ஒரே மாற்றம்.

மாரிட்ஸ்பர்க்_தேவி

எங்கே சோதித்துப் பார்க்கப் போகிறீர்கள்? பக்கத்தில் இருக்கிற சுரங்க மண்மேட்டுக்கு மட்டும் போய்விடாதீர்கள். அந்த மண் எங்கே இளகும் என்று யாருக்கும் தெரியாது, தூசியும் நல்லதில்லை.

பிளக்கைப் பற்றியே யோசித்துக்கொண்டு முழுத் திராட்டிலில் போகும்போது இது மூன்று சக்கரம் என்பது மறந்துவிடும். பின் அச்சு ஒரே தண்டு, டிஃபரன்ஷியல் கிடையாது. உடம்பைச் சாய்க்காமல் ஹேண்டிலை மட்டும் திருப்பினால் நேராகவே போகும், அல்லது கவிழும். வளைவில் வெளிப்பக்கத்துக் கால்கட்டையில் எடையை அழுத்த வேண்டும். பைக் பழக்கத்தில் காலைத் தரையில் ஊன்றினால் பின்டயர் உங்கள் காலின் மேலேயே ஏறும். அமெரிக்காவில் கம்பெனிகள் 1988-இல் புது மூன்று சக்கர வண்டி விற்பதையே நிறுத்த ஒப்புக்கொண்டார்கள் என்றால் சும்மா இல்லை. டயரில் காற்று 2 பிஎஸ்ஐக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். கார் டயர் கேஜ் அந்த அளவைக் காட்டவே காட்டாது, ஏடிவி கேஜ் வேண்டும்.

லெனேசியா_ஃபிட்டர்

அக்கா, வாக்கர்வில் பக்கம் நண்பன் ஒருவனுக்கு நிலம் இருக்கிறது, நீளமான புல்தரை. அங்கேதான் ஓட்டினேன், ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் போட்டு.

98 சரியாக உட்கார்ந்தது. புகை போய்விட்டது. பீங்கானின் அடியில் மங்கலான பழுப்பு வளையம். ஏர்பாக்ஸ் மூடியைக் கழற்றி ஓட்டினேன், முன்னைவிட மோசம், அதனால் 95 பெட்டியிலேயே இருக்கட்டும். கிளிப்பை ஒரு பள்ளம் ஏற்றியதும் நடுவில் இருந்த கனமும் போனது. ஸ்க்ரூ இப்போது ஒன்றேமுக்கால் சுற்றில். மெல்ல உள்ளே திருப்பினால் என்ஜின் தளர்கிறது, வெளியே போனாலும் தளர்கிறது, நடுவில் வைத்திருக்கிறேன்.

இரண்டு சந்தேகம். இங்கே பம்பில் 93 ஆக்டேன் பெட்ரோலும் இருக்கிறது, 95-உம் இருக்கிறது. டர்பனில் மாமா 95 போட்டார். எது போடட்டும்? இன்னொன்று, எல்லாம் சரியான பிறகும் ஐந்தாவது கியரில் மேட்டில் ஏறவில்லை. நாலுக்கு இறங்க வேண்டியிருக்கிறது. மாமா டாங்காட்டில் பின்னால் உரமூட்டை வைத்துக்கொண்டு ஏறினதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆக்டன்வில்_பாலா

93 போதும். நம் உயரத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவாகத்தான் ஏறும், பெட்ரோல் முன்கூட்டியே வெடித்து என்ஜின் தட்டாது. என் பழைய கொரோலாவும் 93-இல்தான் ஓடுகிறது. வண்டியோடு கீழே போகும்போது 95 போட்டுக்கொள்ளுங்கள்.

கார்புரேட்டர் விஷயத்தில் தோற்றேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சைனாவில் வாங்கியிருந்தால் ஞாயிற்றுக்கிழமை மதியமே கிரிக்கெட் பார்த்திருக்கலாம்.

மோபெனி_மூன்றுசக்கரம்

மேட்டில் ஏறாதது கார்புரேட்டர் குற்றம் இல்லை, தம்பி. இனி அதைத் தொடாதீர்கள். 15 சதவீதம் காற்று குறைவு என்றால் எவ்வளவு சரியாக ட்யூன் செய்தாலும் ஏறக்குறைய அதே அளவு சக்தியும் குறையும். டர்போ இல்லாத எந்த என்ஜினும் உங்கள் ஹைவெல்ட் மேட்டுநிலத்தில் அந்த வரியைக் கட்டித்தான் ஆக வேண்டும். குளிர்ந்த என்ஜினில் ஒரு தடவை வால்வு இடைவெளி மட்டும் பாருங்கள். அது சரியாக இருந்தால், முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைவானது போடுங்கள். உச்ச வேகம் கொஞ்சம் போகும், அந்த வண்டியில் உச்ச வேகம் யாருக்கு வேண்டும்? செயின் தளர்ச்சியை மறுபடி சரி செய்துகொள்ளுங்கள்.

பழைய 102 ஜெட்டை ஒரு சின்னப் பையில் போட்டு, "கடலோரம்" என்று எழுதி டூல் பெட்டியில் வையுங்கள். தீபாவளிக்கு வண்டியோடு கீழே வந்தால் அதை மாட்டாமல் முழுத் திராட்டில் கொடுக்காதீர்கள், 98 இங்கே கடலோரத்தில் லீன், என்ஜின் கொதிக்கும். கிளிப்பையும் பழைய பள்ளத்துக்கு இறக்கிவிடுங்கள். மற்றபடி கடற்கரை மணலில் ஓட்டலாம் என்ற ஆசையை மட்டும் விட்டுவிட்டு வாருங்கள். 2002-இல் இருந்து பெர்மிட் இல்லாமல் பீச்சில் வண்டி ஓட்டத் தடை. கரும்புக்காட்டுப் பாதை வேண்டுமானால், நிலக்காரரிடம் கேட்டுவிட்டு, நானே கூட்டிப் போகிறேன்.